கயலுக்கு ஒரு சைக்கிள் கணக்கு

அன்புள்ள கயல்குட்டிக்கு,

தாத்தா எழுதுகிறேன். நீ போனில் கேட்டதற்குப் போனிலேயே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் பேச ஆரம்பித்தால் "சரி தாத்தா, சரி தாத்தா" என்று சொல்லிக்கொண்டே அந்தப் பக்கம் தட்டு கழுவிக்கொண்டிருப்பாய். சத்தம் கேட்கிறது கண்ணு. கடிதம் என்றால் ரெண்டு தரமாவது படிப்பாய். உன் அம்மாவும் அப்படித்தான், பேசினால் காதில் விழாது, எழுதிக் கொடுத்தால் மடித்துப் பத்திரப்படுத்துவாள்.

நீ கேட்டது இதுதானே? திருமங்கலம் ஹாஸ்டலிலிருந்து அம்பத்தூர் எஸ்டேட் ஆபீசுக்கு ஆறு கிலோமீட்டர். கடையில் சாதா சைக்கிள் ஒன்று 7,500 ரூபாய் சொன்னார்கள். பேட்டரி சைக்கிள் 30,000. உன் அம்மா, "எதுக்கு மிதிச்சுச் சாகுறே, தவணையில ஒரு ஸ்கூட்டி எடுத்துக்க" என்கிறாள். உன் அப்பாவோ, பொம்பளைப் பிள்ளைகளுக்குப் பஸ்ஸே இலவசம், அப்புறம் எதற்கு வண்டி என்கிறார். எல்லாரும் உன்மேல் உள்ள பாசத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் யாரும் கணக்குப் போட்டுச் சொல்லவில்லை. அதனால் நான் போடுகிறேன். நீயும் ஒரு பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்.

முதலில் உன் அப்பா சொல்வதை எடுத்துக்கொள்வோம். அவர் சொல்வது உண்மை. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் உனக்குக் காசு இல்லை. அப்படியானால் சைக்கிள் வாங்கினால் பஸ் செலவு மிச்சம் என்று நீ சொல்ல முடியாது, மிச்சம் பிடிக்க அங்கே ஒன்றுமில்லை. உன் பணம் போகிற இடம் வேறு. வாரத்தில் மூன்று நாள் காலையில் பஸ்ஸை விட்டுவிட்டு பைக் டாக்சியில் போகிறேன் என்று நீயே வாய்தவறிச் சொன்னாய். ஒரு தரத்துக்கு 70 ரூபாய். மாதம் 900 ரூபாய் சுமாராக வருகிறது, வருஷத்துக்கு 10,800. இந்தப் பணம் போவது உன் கண்ணுக்குப் படவில்லை, ஏனென்றால் எழுபது எழுபதாகப் போகிறது. ஓர் இளம்பிள்ளை ஊருக்குப் புதிதாக வந்து சம்பாதிக்கத் தொடங்கும்போது பெரிய செலவைப் பற்றித்தான் நாலு பேரிடம் யோசனை கேட்கிறது. சின்னச் செலவு யாரையும் கேட்காமல் போய்விடுகிறது. உன் கையில் எப்போதும் ஒரு குட்டி நோட்டு இருந்தால் எனக்கு நிம்மதி. போனில் எழுதினாலும் சரிதான், எழுதினால் போதும்.

ஸ்கூட்டிக்கு வருவோம். ரோட்டில் இறக்கும்போது ஏறத்தாழ ஒரு லட்சம். கையில் இருக்கிற 20,000-ஐக் கட்டிவிட்டு மீதி 80,000-க்குக் கடன். 12 சதவீத வட்டியில் மூன்று வருஷத் தவணை என்றால் மாதம் 2,650 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே வரும். முடிகிறபோது வட்டி மட்டும் 15,000 ரூபாயைத் தாண்டியிருக்கும். அந்த வட்டிக்கே உன் சாதா சைக்கிள் ரெண்டு வந்துவிடும் தாயி. அப்புறம் பெட்ரோல். சென்னையில் லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொள், வண்டி 45 கிலோமீட்டர் ஓடும் என்று வைத்துக்கொள், கிலோமீட்டருக்கு ரெண்டேகால் ரூபாய். நீ போக வர 12 கிலோமீட்டர், மாதம் 25 நாள், ஆக 300 கிலோமீட்டர். பெட்ரோலுக்கு 670 ரூபாய். சர்வீஸ், ஆயில் எல்லாம் தனி. புது வண்டிக்கு ஐந்து வருஷ மூன்றாம் நபர் இன்சூரன்ஸை முதலிலேயே கட்ட வேண்டும் என்பது 2018-லிருந்து விதி, அது அந்த ஒரு லட்சத்துக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. ஸ்கூட்டி தப்பு என்று நான் சொல்லவில்லை. நாளைக்கு உனக்குக் குடும்பம், பிள்ளை, காய்கறிப் பை என்று வரும்போது அது வேண்டியிருக்கலாம். ஆறு கிலோமீட்டருக்கு, அதுவும் முதல் வேலையில் சேர்ந்த வருஷத்தில், மாதாமாதம் 2,650 ரூபாய் கட்டாயமாகப் போகிற ஒரு பிணைப்பை உன் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டாம் என்கிறேன். வேலை பிடிக்காவிட்டால் விட்டுவிட்டு வேறு தேடுகிற தைரியம் உனக்கு இருக்க வேண்டும். தவணை இருக்கிறவர்களுக்கு அந்தத் தைரியம் வருவதில்லை, நான் நிறையப் பேரைப் பார்த்திருக்கிறேன்.

இனி நிற்பது ரெண்டு சைக்கிள். இங்கேதான் நான் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

பேட்டரி சைக்கிள்காரர்கள் கடையில் என்ன சொல்வார்கள் என்றால், "மேடம், ஒரு தரம் சார்ஜ் போட ரெண்டு ரூபாய்தான்" என்பார்கள். பொய் இல்லை. 36 வோல்ட், 7.8 ஆம்பியர் மணி பேட்டரி என்றால் ரெண்டையும் பெருக்கிப் பார், 280 வாட் மணி வருகிறது. சார்ஜரில் வீணாவதையும் சேர்த்தால் மூன்றில் ஒரு பங்கு யூனிட். யூனிட் 8 ரூபாய் என்றே வைத்தாலும் மூன்று ரூபாய்க்குள் முடிந்துவிடும். மோட்டாரும் நீயும் சேர்ந்து தள்ளினால் ஒரு சார்ஜில் 25 கிலோமீட்டர் தாராளமாகப் போகும். கிலோமீட்டருக்குப் பத்துப் பைசா. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

அவர்கள் சொல்லாமல் விடுவது பேட்டரியின் ஆயுள். அந்த மாதிரி பேட்டரி ஐந்நூறு தரம் முழுசாக ஏற்றி இறக்கினால் தளர ஆரம்பிக்கும். நல்லதாக அமைந்து நீயும் பார்த்துக்கொண்டால் கூடுதலாகப் போகும், ஆனால் கணக்குக்கு ஐந்நூறு வைத்துக்கொள். 25 கிலோமீட்டர் வீதம் 12,500 கிலோமீட்டர். புதுப் பேட்டரி 10,000 ரூபாய் என்றால் கிலோமீட்டருக்கு 80 பைசா. கரண்ட் பத்துப் பைசா, பேட்டரி எண்பது பைசா. பார்த்தாயா? உண்மையான செலவு சுவரில் இருக்கிற பிளக்கில் இல்லை, சைக்கிளுக்குள் இருக்கிறது. பேட்டரி என்பது மூன்று வருஷப் பெட்ரோலை முன்கூட்டியே வாங்கிப் பூட்டி வைத்த பீப்பாய். ஓட்டினாலும் குறையும், ஓட்டாமல் வைத்திருந்தாலும் வயசாகிக் குறையும்.

இதையும் எழுதிக்கொள். 30,000 ரூபாய்க்கு வாங்கி, நடுவில் ஒரு தரம் 10,000-க்குப் பேட்டரி மாற்றி, 25,000 கிலோமீட்டர் நீ ஓட்டினால் கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாயைக் கொஞ்சம் தாண்டும். கரண்ட், டயர், பிரேக் எல்லாம் சேர்த்தாலும் ஸ்கூட்டியின் பெட்ரோலை மட்டும் எடுத்தால் ஆகிற செலவுக்குள்ளேயே நிற்கும். அதே சைக்கிளை வாரத்தில் ரெண்டு நாள் மட்டும் எடுத்தாய் என்று வை. மாதம் நூறு கிலோமீட்டர்தான் தேறும். அஞ்சு வருஷத்தில் 6,000 கிலோமீட்டர், அதற்குள் பேட்டரி வயசாகிவிடும். அப்போது கிலோமீட்டருக்கு அஞ்சு ரூபாய். ஒரே சைக்கிள், ஒரே விலை, செலவு மூன்று மடங்கு. ஆகவே எது மலிவு என்று என்னைக் கேட்காதே. தினமும் காலையில் எதை வெளியே எடுப்பாய் என்று உன்னையே கேட்டுக்கொள். நம் பக்கத்து வீட்டுத் தம்பி கொரோனா சமயத்தில் கியர் வைத்த சைக்கிள் ஒன்றை நாற்பதாயிரம் கொடுத்து வாங்கினான். ஒரு மழைக்காலம் ஓட்டினான். இப்போது மாடிப்படிக்கு அடியில் அதன் ஹேண்டில் பாரில் துண்டு காய்கிறது. அவனை நான் குறை சொல்ல மாட்டேன், நல்ல பிள்ளை. அவனுடைய வேலை தூரம் மாறிவிட்டது, யோசிக்க ஆளில்லாமல் வாங்கிவிட்டான், அவ்வளவுதான்.

சாதா சைக்கிளுக்கு இந்தத் தலைவலி ஒன்றும் கிடையாது. அதைப் பற்றி என்னைவிட யார் சொல்ல முடியும்? தபால் பையோடு அன்னவாசலிலிருந்து குடுமியான்மலை, சித்தன்னவாசல் பக்கமெல்லாம் வெயிலில் மிதித்தவன் நான். எங்கள் இலாகாவில் சைக்கிள் அலவன்ஸ் என்று மாதாமாதம் ஒரு தொகை உண்டு. ஏழாவது சம்பளக் கமிஷன் அதை எடுத்துவிடலாம் என்று சொன்னது. அரசாங்கம் ஒப்புக்கொள்ளாமல், தபால்காரர்களுக்கும் ரயில்வே டிராக்மேன்களுக்கும் வைத்துக்கொண்டு, 2017-இல் 90 ரூபாயை 180 ஆக்கியது. நான் ஓய்வுபெற்ற பிறகு வந்த உத்தரவுதான், ஆனாலும் சந்தோஷப்பட்டேன். தினமும் வேலைக்கு மிதிக்கிற ஒரு சைக்கிளைப் பராமரிக்க மாதம் 180 ரூபாய் என்பது கிட்டத்தட்டச் சரியான கணக்கு. பஞ்சர், வால் டியூப், பிரேக் கட்டை, செயினுக்கு எண்ணெய், வருஷத்துக்கு ஒரு தரம் பிரித்து மாட்டி கிரீஸ் வைப்பது, ரெண்டு வருஷத்துக்கு ஒரு ஜோடி டயர், எல்லாம் அதற்குள் அடங்கும். 7,500 ரூபாய் சைக்கிளை ஒழுங்காக வைத்திருந்தால் பத்து வருஷம் கழித்தும் ஓடும். நீ வேலை பார்க்கிற அம்பத்தூரில்தான் 1949-இல் டி.ஐ. சைக்கிள் கம்பெனியை ஆரம்பித்தார்கள், நான் ஓட்டிய ஹெர்குலிஸ் அங்கே செய்ததுதான். அதனால் உனக்கு அந்த ஊரில் வேலை என்றதும் எனக்குத் தனி சந்தோஷம், சொல்லாமல் இருந்தேன்.

பணத்தைப் பற்றியே பேசுகிறேன் என்று நினைக்காதே. உன் அம்மாச்சி கதை உனக்குத் தெரியும், ஆனால் அதிலிருக்கிற கணக்கை யாரும் உனக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். 1990-களின் தொடக்கத்தில் நம் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் நடந்தபோது, ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தார். எழுத்தோடு சேர்த்துப் பெண்களுக்கு சைக்கிளும் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று அவர் பிடிவாதமாக நின்றார். பொட்டலெல்லாம் பொம்பளைகள் சைக்கிள் பழகின காலம் அது. கல்குவாரியில் வேலை பார்த்த பெண்கள் பழகினார்கள், அங்கன்வாடி ஊழியர்கள் பழகினார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் தட்டுப்பாடு. அதற்காக யாரும் காத்திருக்கவில்லை, பார் வைத்த ஆம்பளை சைக்கிளிலேயே ஏறினார்கள். முன்னால் பாரில் பிள்ளையை உட்காரவைக்கலாம் என்று அதையே விரும்பி எடுத்தவர்களும் உண்டு. உன் அம்மாச்சியும், பதின்மூன்று பதினாலு வயசுப் பிள்ளையாக இருந்த உன் அம்மாவும், ஞாயிற்றுக்கிழமைகளில் என் சைக்கிளில்தான் பழகினார்கள். உன் அம்மா குரங்குப் பெடல் போட்டுத்தான் ஆரம்பித்தாள். இதை அவளிடம் கேட்டால் இல்லை என்பாள், நம்பாதே.

பெண்களுக்கு சைக்கிள் வாங்க பேங்கில் கடன் கொடுக்க ஏற்பாடு செய்தார்கள். அம்மாச்சி வாங்கினாள். அதற்கு முன்னால் தோட்டத்துக் கத்தரிக்காயையும் முருங்கைக்காயையும் கூடையில் எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் காத்திருப்பாள். பஸ் வந்தால் கூடையை ஏற்ற மாட்டேன் என்பார்கள், ஏற்றினால் கூடைக்குத் தனிக் காசு. சந்தை கூடி முடிகிற நேரத்துக்குப் போய், வந்த விலைக்குக் கொடுத்துவிட்டு வருவாள். சைக்கிள் வந்ததும் விடிகாலையில் சந்தைக்கு முதல் ஆளாகப் போனாள், மிஞ்சியதை வருகிற வழியில் ரெண்டு ஊரில் விற்றாள், உச்சி வெயிலுக்குள் வீட்டில் இருந்தாள். அடுத்த அறுவடை வருவதற்குள் கடன் அடைந்தது. அவளுக்கு மிச்சமானது பஸ் காசு இல்லை கயல், காத்திருக்கிற நேரம். உனக்கும் அதுதான் மிச்சமாகப் போகிறது. பஸ் ஸ்டாப்பில் முப்பது நிமிஷம், நெரிசலில் நாற்பது நிமிஷம் என்று நீ சொன்னாய். சைக்கிளில் அரை மணி நேரத்தில் ஆபீஸ் வாசல். அந்த நேரத்துக்கு நீயே விலை போட்டுப் பார்.

சரி, எதை வாங்கலாம்? உனக்கு வயசு 23. சென்னை தட்டையான ஊர். ஆறு கிலோமீட்டரை நீ சாதா சைக்கிளில் அனாயாசமாக மிதிப்பாய். ஆனால் நீ ஒன்று சொன்னாய்: ஆபீசில் ஏ.சி. அறையில் வியர்வையோடு போய் உட்கார முடியாது, மாற்றுத் துணி மாற்ற இடம் இல்லை என்று. இது நொண்டிச் சாக்கு இல்லை. சித்திரை வெயிலில் காலை ஒன்பது மணிக்கு சென்னையில் நின்றாலே வேர்க்கும். சாதா சைக்கிளை வாங்கி, பங்குனியில் நிறுத்திவிட்டு, மறுபடியும் பைக் டாக்சியில் ஏறினாய் என்றால் 7,500 ரூபாயும் தண்டம், மாதம் 900 ரூபாயும் தண்டம். அந்த வியர்வை ஒன்றுதான் உன்னைச் சைக்கிளிலிருந்து இறக்கிவிடும் என்றால், பேட்டரி சைக்கிளையே வாங்கு. ஆடம்பரம் என்று குறுகாதே. மாற்ற இடம் கிடைத்துவிட்டது என்றால் சாதா சைக்கிள் போதும், மீதிப் பணத்தைப் போட்டு வை. ஆபீஸ் ஹெச்.ஆரில் ஒரு தரம் வாய்விட்டுக் கேள், கேட்காமலே இல்லை என்று முடிவு கட்டுகிற பழக்கம் உனக்குச் சின்ன வயசிலிருந்தே உண்டு.

பேட்டரி சைக்கிள் என்று முடிவானால் கழற்றி எடுக்கிற பேட்டரி உள்ளதாகப் பார். சைக்கிள் மொத்தமாக இருபது கிலோவுக்கு மேல் கனக்கும், அதை ஹாஸ்டல் மாடிக்குத் தூக்க உன்னால் ஆகாது. கீழே பூட்டிவிட்டுப் பேட்டரியை மட்டும் மேலே கொண்டுபோக வேண்டும். மோட்டார் 250 வாட்டுக்கு உள்ளே, 25 கிலோமீட்டர் வேகத்தில் மோட்டார் நின்றுவிட வேண்டும். அப்படி இருந்தால்தான் அதற்கு லைசென்சும் வேண்டாம், பதிவும் வேண்டாம். கடைக்காரப் பையன் யாராவது, "லாக்கை எடுத்துவிட்டால் நாற்பதில் போகும் அக்கா" என்பான். வேண்டவே வேண்டாம். லாக்கை எடுத்த நிமிஷம் சட்டத்தின் கண்ணில் அது மோட்டார் வண்டி. பதிவில்லாத, இன்சூரன்ஸ் இல்லாத மோட்டார் வண்டியில் நீ யார்மேலாவது இடித்துவிட்டால் உன் பத்து வருஷச் சம்பளம் போய்விடும். பழைய சைக்கிளில் கிட் மாட்டித் தருகிறேன் என்பவர்களிடமும் போகாதே. அந்தப் பிரேக் அந்த வேகத்துக்குச் செய்ததில்லை.

மானியம் கிடைக்குமா என்று கேட்டாய். டெல்லி அரசு 2022-இல் அந்த ஊரில் வாங்குகிற முதல் 10,000 பேட்டரி சைக்கிளுக்கு ஆளுக்கு 5,500 ரூபாய் தருவதாக அறிவித்தது. மத்திய அரசின் மானியமோ பதிவே தேவையில்லாத சைக்கிளுக்கு வருவதில்லை. வரியில் மட்டும் ஒரு நல்லது நடந்திருக்கிறது. 2019 ஆகஸ்டிலிருந்து பேட்டரி சைக்கிளுக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம். ஆனால் கொத்தனாரும் பால்காரரும் மிதிக்கிற சாதா சைக்கிளுக்கு 12 சதவீதம் போட்டு வைத்திருந்தார்கள். கரியும் கக்காமல் கரண்டும் கேட்காமல் ஓடுகிற ஏழை வண்டிக்குக் கூடுதல் வரி என்பது எனக்கு நெடுநாள் வருத்தம். 2025 செப்டம்பர் 22 முதல் அதையும் 5 ஆக்கிவிட்டார்கள். பில் போடும்போது அந்த 5 சதவீதம்தானா என்று பார்த்து வாங்கு. பில்லை மடித்து வை. சைக்கிளைத் தலைகீழாக்கினால் பெடல் அச்சுக்குக் கீழே ஒரு நம்பர் பொறித்திருக்கும், அதைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. களவு போனால் போலீஸ் முதலில் கேட்பது அதைத்தான்.

விலைக்கு மேல் இன்னொரு 3,500 ரூபாயை எடுத்து வை. நல்ல பூட்டு, ஹெல்மெட், முன்னும் பின்னும் விளக்கு, மழைக்கோட்டு. மட்கார்டும் கேரியரும் இப்போதெல்லாம் தனியாகத்தான் விற்கிறார்கள், மட்கார்டு இல்லாமல் சென்னை மழையில் போனால் முதுகெல்லாம் சேறு. பூட்டில் மட்டும் கஞ்சத்தனம் காட்டாதே. 150 ரூபாய் கம்பிப் பூட்டை ஒரு கட்டிங் பிளையர் அறுத்துவிடும். நீ தெருவில் நிறுத்தும்போது சும்மா சக்கரத்தை மட்டும் பூட்டுவாய் என்று எனக்குத் தெரியும், பொருளை அப்படியே போட்டுவிட்டு வருகிற பிள்ளை நீ. ஃபிரேமோடு சேர்த்து ஒரு கம்பத்தில் பூட்டு.

வாங்குகிற கடை ஹாஸ்டலுக்குப் பக்கத்தில் இருக்கட்டும். ஆயிரம் ரூபாய் கூடுதலானாலும் பரவாயில்லை. ஆன்லைனில் வாங்கி, மோட்டார் மக்கர் பண்ணினால் யாரிடம் போய் நிற்பாய்? வாங்குவதற்கு முன்னால் உன் தெருமுனைப் பஞ்சர் கடைக்காரரிடம் போய், இந்த மாதிரி பின்சக்கரத்தில் மோட்டார் உள்ள சைக்கிளுக்கு ஒட்டுவீர்களா அண்ணே என்று கேள். சிலர் ஒயரைப் பார்த்துப் பயந்து கைவைக்க மாட்டார்கள். தெரிந்தவர் சக்கரத்தைக் கழற்றவே வேண்டாம் என்பார், டயரை ஒரு பக்கம் நெம்பி, டியூபை வெளியே இழுத்து, உப்புத்தாள் தேய்த்து, சொல்யூஷன் தடவி ஒட்டிவிடுவார். அப்படிச் சொல்கிறவரைச் சிநேகம் பிடித்துக்கொள். தீபாவளிக்கு அவருக்கு ஒரு ஸ்வீட் பாக்ஸ் வாங்கிக் கொடு. கம்பெனி வாரண்டியைவிட அவர் உனக்கு அதிகம் உதவுவார்.

அப்புறம் பழக்கங்கள். வாரத்துக்கு ஒரு நாள், ஞாயிறு என்று வைத்துக்கொள், காற்று பார். எவ்வளவு அடிக்க வேண்டும் என்று டயரின் பக்கவாட்டிலேயே அச்சடித்திருக்கும். காற்றுக் குறைந்தால் சாதா சைக்கிளில் உன் கால் வலிக்கும், பேட்டரி சைக்கிளில் உனக்குத் தெரியாது, பேட்டரி தின்றுகொண்டிருக்கும். அதனால் பேட்டரி சைக்கிளுக்குத்தான் இந்தப் பழக்கம் இன்னும் அவசியம். சீட் உயரத்தைக் கடையில் தாழ்த்தித்தான் கொடுப்பார்கள். குதிகாலைப் பெடல் கட்டையில் வைத்து அடிவரை அழுத்திப் பார், கால் நேராக நீள வேண்டும். முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்கால் லேசாக மடங்கும், அதுதான் அளவு. சீட் தாழ்ந்திருந்தால் முப்பது வயசில் மூட்டு பேசும். துப்பட்டாவை முடிந்துகொள், செயின் கார்டு இல்லாத சைக்கிளை எடுக்காதே.

பேட்டரியை ராத்திரி சொருகிவிட்டுத் தூங்கப் போகாதே. வீட்டுக்கு வந்ததும் சூடாக இருக்கும், கொஞ்சம் ஆறவிட்டு, நீ குளித்துச் சாப்பிட்டு விழித்திருக்கிற நேரத்திலேயே போட்டு எடுத்துவிடு. கூட வந்த சார்ஜரைத் தவிர வேறெதையும் சொருகாதே. வாசலை அடைத்து வைத்துச் சார்ஜ் போடாதே. வெயிலில் சைக்கிளை நிறுத்தினால் பேட்டரி உன்னோடு உள்ளே வரட்டும். பொங்கலுக்கு இங்கே வரும்போது முழுசாகவும் ஏற்றாமல், காலியாகவும் விடாமல், பாதியில் வைத்துவிட்டு வா. இதெல்லாம் செய்தால் ஐந்நூறு தரம் என்று நான் போட்ட கணக்கு அறுநூறாகும், எழுநூறாகும். முழங்கால் தண்ணீர் தேங்குகிற நாளில் சைக்கிளை எடுக்கவே வேண்டாம், அன்றைக்கு அரசாங்க பஸ் இருக்கிறது, அதில் உனக்கு உரிமையும் இருக்கிறது. பாடி மேம்பாலத்துப் பக்கம் லாரி நிறைய என்று சொன்னாய். ரெண்டு கிலோமீட்டர் கூடினாலும் முகப்பேர் உள்தெருக்கள் வழியாகவே போய் வா. பேட்டரி இருப்பதே அதற்குத்தான்.

கடைசியாக ஒன்று, தபால்காரன் பேத்தி இதைச் செய்யாமல் இருக்கக்கூடாது. சைக்கிள் வாங்குகிற அதே வாரத்தில் போஸ்ட் ஆபீசில் ஒரு ஆர்.டி. தொடங்கு. மாதம் 100 ரூபாயிலிருந்து போடலாம், நீ 300 போடு. அதாவது நீ ஓட்டுகிற 300 கிலோமீட்டருக்கு 80 பைசா வீதம் தேய்கிற பேட்டரிப் பணமும், கொஞ்சம் மேலேயும். ஐந்து வருஷத் திட்டம், மூன்று வருஷம் முடிந்தால் முன்கூட்டியே எடுக்க விடுவார்கள். அப்போது கட்டினது மட்டுமே 10,800 ரூபாய் இருக்கும். பேட்டரி தளர்கிற அன்றைக்கு நீ யாரிடமும் கேட்க வேண்டாம், சைக்கிளை ஓரமாக நிறுத்தவும் வேண்டாம். நூற்றுக்குத் தொண்ணூறு பேர் அங்கேதான் நிறுத்திவிடுவார்கள் என்பது என் எண்ணம், மொத்தமாகப் பத்தாயிரம் என்றதும் மலைத்துவிடுவார்கள். பைக் டாக்சிக்குப் போகிற 900-இல் மூன்றில் ஒரு பங்குதான் இது.

உன்னிடம் 20,000 இருக்கிறது. மீதிக்குக் கடன் வாங்காதே, என் பென்ஷனிலிருந்து நான் தருகிறேன். இதைத் திருப்பித் தருகிறேன் என்று பேச்செடுத்தால் உன் அம்மாச்சிக்குக் கோபம் வரும், அவள் கோபத்தை நான் தாங்க முடியாது. நீ செய்ய வேண்டியது ரெண்டே வேலை. ஹாஸ்டல் வார்டனிடம் அறையில் பேட்டரி சார்ஜ் போடலாமா என்று கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள். ஆபீசில் துணி மாற்ற இடம் உண்டா என்று கேள். ரெண்டு பதிலையும் ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல். அதற்கேற்பப் பணத்தை அனுப்புகிறேன்.

அன்புடன்,
தாத்தா